கையில் க்யூ மாட்டினால்: ஸ்க்ராபிள் பழகுவோருக்கான குட்டிச் சொற்கள்

எழுத்து டைல்களைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் ஆட உட்காரும் புதியவர், தன் ஏழு டைலையும் வைக்கும் சிறு தாங்கியான ரேக்கை உற்றுப் பார்ப்பதே ஒரு நீளமான சொல்லைத் தேடித்தான். ஆட்டத்தின் போக்கை மாற்றுவதோ இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்கள். உங்கள் ஆங்கிலம் எவ்வளவு வளமானது என்பது இங்கே இரண்டாம் பட்சம். 'இந்த எழுத்து வருகிற, இத்தனை எழுத்துள்ள சொற்கள் எவை?' என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரவேண்டும். 2015-இல் நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தை வென்றார். சொற்களின் எழுத்து வரிசையை மட்டும் மனத்தில் ஏற்றிக்கொண்டு ஆடினார். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை. சுமார் 130 குட்டிச் சொற்கள் போதும், வீட்டு ஆட்டம் உடனே வேறு மாதிரி ஆகிவிடும்.

படிக்கும் முன் ஒரு குறிப்பு. இங்கே ஆங்கிலச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தந்திருக்கிறோம். 'டாக்' என்பதன் முதலெழுத்தை 'டி' என்றும், 'டைகர்' என்பதன் முதலெழுத்தை 'டீ' என்றும் எழுதுகிறோம். பந்தைக் குறிக்கும் 'பால்', பேனாவைக் குறிக்கும் 'பென்' இரண்டின் ஆங்கில முதலெழுத்தும் தமிழில் 'பி' என்றே வரும். எது எது என்பது அந்தந்த இடத்தில் சொல்லின் ஒலியிலேயே தெரிந்துவிடும்.

முதலில் பட்டியலை முடிவு செய்யுங்கள்

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எந்தச் சொற்பட்டியலை ஏற்பது என்று பேசிவிட வேண்டும். வீட்டில் நடக்கும் சண்டைகளில் பாதி இதைப் பேசாமல் விடுவதால்தான் வருகிறது. இந்தியா, இலங்கை, பிரிட்டன் உட்பட உலகின் பெரும்பகுதியில் போட்டிகளுக்குக் காலின்ஸ் பதிப்பகத்தின் சொற்பட்டியலே கணக்கு. அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலும் வட அமெரிக்கப் பட்டியல் ஒன்று புழங்குகிறது. காலின்ஸின் 2019 பதிப்பில் இரண்டெழுத்துச் சொற்கள் 127. வட அமெரிக்கப் பட்டியலில் 2018-க்குப் பிறகு 107. இந்த 20 சொல் வித்தியாசம் சின்ன விஷயமில்லை. சென்னையில் பழகிய ஒருவர் டொராண்டோவில் போய் 'இசட் ஓ' வைத்தால், எதிராளி அதைத் தூக்கிவிடுவார்.

வீட்டில் இருக்கும் சாதாரண அகராதியை நடுவராக வைக்காதீர்கள். அதில் இந்தச் சொற்களில் பாதி இருக்காது. இருக்கும் சுருக்கக் குறிகளோ ஆட்டத்தில் செல்லாது. பட்டியலில் இருந்தால் சொல், இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் விதி.

பையில் என்ன இருக்கிறது

மொத்தம் 100 டைல். இ 12, ஏ 9, ஐ 9, ஓ 8. என், ஆர், டீ ஆகியவை ஆறாறு. எல், எஸ், யூ, டி நான்கு நான்கு. ஜி 3. ஜே, கே, க்யூ, எக்ஸ், இசட் ஆகிய ஐந்தும் ஒவ்வொன்றே. எதுவும் எழுதாத பிளாங்க் 2. மற்ற ஒன்பது எழுத்தும் இரண்டிரண்டு. 1930-களில் இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் ஒரு கட்டடக் கலைஞர். செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் இந்தக் கணக்கைப் போட்டார். எஸ் எழுத்தை மட்டும் வேண்டுமென்றே குறைத்து வைத்தார். இல்லாவிட்டால் எல்லாரும் பன்மை போட்டே ஆட்டத்தை முடித்துவிடுவார்கள்.

மதிப்பெண்ணில் க்யூவும் இசட்டும் 10. ஜேயும் எக்ஸும் 8. கே 5. எஃப், எச், வி, டபிள்யூ, ஒய் நான்கு நான்கு. சி, எம், இரண்டு 'பி'க்களும் மும்மூன்று. டி, ஜி இரண்டிரண்டு. மற்றவை ஒவ்வொன்று.

இந்த எண்களை ஏன் மனத்தில் வைக்க வேண்டும்? க்யூ கையில் வந்ததும் புதியவர் செய்வது ஒன்றே: யூ வருமென்று காத்திருப்பது. யூ மொத்தமே நான்கு. அதில் இரண்டு எதிராளியிடம் போயிருக்கலாம். ஐ ஒன்பது இருக்கிறது. 'க்யூ ஐ' ஒரு செல்லுபடியாகும் சொல். சீன மரபில் உடலில் ஓடும் உயிர்விசையின் பெயர். இந்த ஒரு சொல் தெரிந்தவருக்கு க்யூ வரம், தெரியாதவருக்குச் சுமை.

முதல் நாள்: பதினொரு சொற்கள்

ஜே, க்யூ, எக்ஸ், இசட் வருகிற இரண்டெழுத்துச் சொற்கள் காலின்ஸில் மொத்தம் பதினொன்றுதான். இவற்றை ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

ஜே: 'ஜே ஏ', 'ஜே ஓ'
க்யூ: 'க்யூ ஐ'
எக்ஸ்: 'ஏ எக்ஸ்', 'இ எக்ஸ்', 'ஓ எக்ஸ்', 'எக்ஸ் ஐ', 'எக்ஸ் யூ'
இசட்: 'இசட் ஏ', 'இசட் இ', 'இசட் ஓ'

பொருள் தெரிந்தால் மனத்தில் ஒட்டும். 'ஜே ஓ' ஸ்காட்லாந்தில் காதலி. 'எக்ஸ் ஐ' கிரேக்க எழுத்து. 'எக்ஸ் யூ' வியட்நாமியச் சில்லறைக் காசு. 'இசட் ஏ' பீட்சாவின் செல்லச் சுருக்கம். 'இசட் ஓ' இமயமலைப் பக்கத்தில் யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த கலப்பு மாடு. வட அமெரிக்கப் பட்டியலில் ஆடுபவர் இதிலிருந்து 'ஜே ஏ', 'இசட் இ', 'இசட் ஓ' மூன்றையும் அடித்துவிடுங்கள், மிச்சம் எட்டு.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். ஜே, க்யூ, இசட் மூன்றும் முதலெழுத்தாக மட்டுமே நிற்கின்றன. எக்ஸ் முன்னாலும் வருகிறது, பின்னாலும் வருகிறது, ஐந்து உயிரெழுத்துகளோடும் சேர்கிறது. அதனால்தான் நான்கில் எக்ஸ் எளிதானது. எக்ஸ் கையில் வந்தால் அவசரப்பட்டு இறக்காதீர்கள். ஒரு சுற்றுப் பொறுத்தாலும் நல்ல இடம் கிடைக்கும். க்யூவிடம் அந்தப் பொறுமை செல்லாது.

குறுக்கும் நெடுக்கும் வைப்பது எப்படி

குட்டிச் சொற்களின் உண்மையான பலம் பக்கவாட்டு ஆட்டத்தில் இருக்கிறது. பலகையில் 'டீ ஆர் ஏ ஐ என்', அதாவது ரயிலைக் குறிக்கும் டிரெய்ன், இடமிருந்து வலமாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் இ, எக்ஸ் இருக்கின்றன. ஆரின் கீழே இ, அதை ஒட்டி ஏயின் கீழே எக்ஸ் வையுங்கள். இப்போது மூன்று சொற்கள் உருவாகின்றன. படுக்கையில் 'இ எக்ஸ்', 9. நெட்டாக 'ஆர் இ', 2. நெட்டாக 'ஏ எக்ஸ்', 9. சிறப்புக் கட்டம் எதையும் தொடாமலே இரண்டு டைலுக்கு 20 மதிப்பெண். எக்ஸ் விழுந்த கட்டம் டபிள் லெட்டர் என்றால் எக்ஸின் மதிப்பு இரு சொல்லிலும் இரட்டிக்கும்: 17, 2, 17, ஆக 36.

அதே டிரெய்ன், இந்தமுறை மேல்பக்கம். உங்களிடம் க்யூவும் ஐயும். பலகையில் கிடக்கும் ஐக்கு மேலே க்யூ, என்னுக்கு மேலே உங்கள் ஐ. படுக்கையில் 'க்யூ ஐ' 11, நெட்டாக 'க்யூ ஐ' 11, நெட்டாக 'ஐ என்' 2, மொத்தம் 24. க்யூ டிரிபிள் லெட்டரில் உட்கார்ந்தால் 31, 31, 2 என்று 64 வரும். ஏழு டைலையும் இறக்கும் பிங்கோவுக்கு நிகரான எண் இது.

ஆகவே கனமான எழுத்து கையில் இருக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பலகையை. ரேக்கை அப்புறம் பாருங்கள். டபிள் லெட்டர், டிரிபிள் லெட்டர் கட்டத்தை ஒட்டி ஓர் உயிரெழுத்து நிற்கிறதா என்று தேடுங்கள். புதியவர்கள் முழுச் சொல்லின் மதிப்பையும் பெருக்கும் வேர்டு கட்டங்களையே குறிவைப்பார்கள். எட்டு, பத்து மதிப்புள்ள எழுத்துக்கு லெட்டர் கட்டம் இரு திசையிலும் பெருக்குவதால், பல நேரம் அதுவே அதிகம் தரும்.

இதில் வழக்கமாக நேரும் பிழை: தான் வைத்த சொல்லை மட்டும் சரிபார்த்துவிட்டு, ஒட்டி உருவான மற்ற சொற்களைப் பார்க்காமல் விடுவது. ஒன்று தப்பானாலும் முழு ஆட்டமும் திரும்பும், முறையும் போகும். டைலில் இருந்து கையை எடுப்பதற்கு முன் நெட்டுச் சொற்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படியுங்கள்.

இரண்டாம் நாள்: உயிரெழுத்து நெரிசல்

ரேக்கில் ஐந்து உயிரெழுத்து வந்து குவிந்துவிட்டால், அவற்றைக் கழிக்க வழி வேண்டும். இரண்டும் உயிரெழுத்தாக உள்ள இரண்டெழுத்துச் சொற்கள் காலின்ஸில் பத்து: 'ஏ ஏ', 'ஏ இ', 'ஏ ஐ', 'இ ஏ', 'இ இ', 'ஐ ஓ', 'ஓ இ', 'ஓ ஐ', 'ஓ ஓ', 'ஓ யூ'. முதலாவது ஹவாய்த் தீவின் கரடுமுரடான எரிமலைக் குழம்புப் பாறை. மூன்றாவது மூன்று விரல் கொண்ட அசமந்த விலங்கு. வட அமெரிக்கப் பட்டியலில் இவற்றில் ஐந்துதான் உண்டு: 'ஏ ஏ', 'ஏ இ', 'ஏ ஐ', 'ஓ இ', 'ஓ ஐ'.

மூன்று உயிரெழுத்தை ஒன்றாகக் கழிக்க நான்கெழுத்துச் சொற்கள் வசதி. 'ஏ ஆர் இ ஏ', 'ஐ டி இ ஏ', 'இ யூ ஆர் ஓ', 'ஏ யூ ஆர் ஏ', 'யூ ஆர் இ ஏ', 'ஐ ஓ டீ ஏ', 'ஏ இ ஓ என்'. இவை எல்லாமே செய்தித்தாளிலோ உரக்கடையிலோ நாம் பார்த்த சொற்கள்தான். ஆனால் ரேக்கில் கலைந்து கிடக்கும்போது கண்ணில் படாது. அதற்காகத்தான் பட்டியலாகப் படிப்பது.

ஐ இரண்டு மூன்று சேர்ந்தால் அதுவும் தொல்லை. ஐயில் முடியும் இரண்டெழுத்துச் சொற்கள் காலின்ஸில் 14 இருப்பதை நினைவில் வையுங்கள். யூவுக்கு இவ்வளவு இல்லை. அதில் தொடங்குபவை எட்டு, முடிபவை ஆறு.

மிச்சத்தைக் குடும்பமாகப் படியுங்கள்

127-இல் சுமார் 35 சொற்கள் பள்ளியில் படித்த யாருக்கும் தெரிந்தவை. மற்றவற்றை அகர வரிசையில் உருப்போட்டால் மூன்றாம் நாள் மறந்துவிடும். குடும்பம் குடும்பமாகப் பிரித்தால் நிற்கும்.

ஆங்கில எழுத்துகளின் பெயர்களே சொற்களாகச் செல்லும்: 'இ எஃப்', 'இ எல்', 'இ எம்', 'இ என்', 'ஏ ஆர்', 'இ எஸ்', 'இ எக்ஸ்'. நம் சரிகமபதநி போல மேற்கத்திய சுரங்கள் அத்தனையும் செல்லும்: 'டி ஓ', 'ஆர் இ', 'எம் ஐ', 'எஃப் ஏ', 'எஸ் ஓ', 'எல் ஏ', 'டீ ஐ'. அவற்றின் வேறு வடிவங்களான 'டீ இ', 'எஸ் ஐ', 'யூ டீ' கூட. கிரேக்க எழுத்துகளில் 'எம் யூ', 'என் யூ', 'எக்ஸ் ஐ', கணக்கில் வரும் பை ஆகியவை. பிறகு வாயில் தன்னால் வரும் ஒலிகள்: 'ஏ எச்', 'ஏ டபிள்யூ', 'இ எச்', 'இ ஆர்', 'இ டபிள்யூ', 'ஓ எச்', 'ஓ டபிள்யூ', 'யூ எச்', 'யூ எம்', 'எச் எம்', 'எம் எம்', 'எஸ் எச்'. இந்தக் கடைசி மூன்றில் உயிரெழுத்தே இல்லை. ரேக் முழுக்க மெய்யெழுத்தாக இருக்கும் நேரத்தில் இவை காப்பாற்றும். காலின்ஸில் 'சி எச்', 'எஸ் டீ' இரண்டும் அதே வகை.

சி எழுத்துக்கு அந்த ஒரு சொல்தான். வி எழுத்துக்கு இரண்டெழுத்துச் சொல் எந்தப் பட்டியலிலும் ஒன்றுகூட இல்லை. இதைத் தற்காப்புக்குப் பயன்படுத்தலாம். நீங்கள் முன்னணியில் இருந்தால் வி வரும் சொல்லைத் திறந்த பகுதியில் வையுங்கள். அந்த எழுத்தை ஒட்டி எதிராளியால் இரண்டெழுத்துச் சொல் அமைக்க முடியாது. பக்கவாட்டு ஆட்டம் அந்த இடத்தில் அறுந்துபோகும்.

முன்னும் பின்னும் ஒட்டுவது

மூன்றெழுத்துச் சொற்கள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றைத் தனியாகப் படிக்க வேண்டாம். தெரிந்த இரண்டெழுத்தின் முன்னாலோ பின்னாலோ எது ஒட்டும் என்று படியுங்கள். 'ஏ எக்ஸ்' பின்னால் இ ஏற்கும். முன்னால் எல், டீ, டபிள்யூ, எஃப், எம், எஸ் ஏற்கும். 'இ எக்ஸ்' முன்னால் எச், எஸ், வி ஏற்கும். 'ஜே ஓ' பின்னால் இ, ஜி, டீ, ஒய் ஏற்கும். 'இசட் ஏ' பின்னால் ஜி, எஸ். 'இசட் ஓ' பின்னால் ஓ, ஏ, எஸ். 'க்யூ ஐ' பின்னால் எஸ். காலின்ஸில் 'என்' எழுத்தும் ஒட்டும்.

எல்லாச் சொல்லும் எஸ் ஏற்காது. 'இ எக்ஸ்' பன்மைக்கு 'இ எஸ்' இரண்டும் சேர்த்தாக வேண்டும்; 'ஏ எக்ஸ்' அப்படியே. எஸ் எழுத்தை மட்டும் தனியே ஒட்டித் திருப்பி எடுத்துக்கொள்ளும் புதியவர்கள் நிறைய. இன்னொன்று, நான்கே இருக்கும் எஸ்ஸை ஐந்தாறு மதிப்பெண்ணுக்காகச் செலவழிக்காதீர்கள். அது இல்லாமல் கிடைக்கும் ஆட்டத்தைவிட எட்டு மதிப்பெண்ணாவது கூடுதலாகத் தந்தால் இறக்கலாம்.

தமிழருக்குச் சட்டென்று பிடிபடும் மூன்றெழுத்துகளும் உண்டு: 'டீ ஏ ஜே' தாஜ், 'ஆர் ஏ ஜே' ராஜ், 'எச் ஏ ஜே' ஹஜ், காலின்ஸில் 'ஜே ஏ ஐ' ஜெய். ஜேயில் முடியும் சொல் ஆங்கிலத்தில் அபூர்வம். அதனால் முதல் மூன்றும் எதிராளி எதிர்பாராத இடத்தில் வந்து உட்காரும்.

யூ இல்லாத க்யூ

இந்தப் பகுதியில் தமிழ் வாசகருக்கு ஓர் இயல்பான அனுகூலம் இருக்கிறது. யூ இல்லாமல் க்யூ வரும் ஆங்கிலச் சொற்களில் பல அரபு, பாரசீகம், உருது வழி வந்தவை. நம் ஊரில் அன்றாடம் காதில் விழுபவை. காலின்ஸில் செல்லும் சில:

மூன்றெழுத்து: 'க்யூ ஏ டீ', மெல்லும் ஒரு போதை இலை.
நான்கெழுத்து: 'டபிள்யூ ஏ க்யூ எஃப்' வக்ஃப், 'க்யூ ஏ டி ஐ' காஜி, அதே நான்கு எழுத்தைக் கலைத்தால் 'க்யூ ஏ ஐ டி', வட ஆப்பிரிக்கத் தலைவர்.
ஐந்தெழுத்து: 'க்யூ ஐ பி எல் ஏ' கிப்லா, 'என் ஐ க்யூ ஏ பி' நிகாப், 'டீ ஏ எல் ஏ க்யூ' தலாக், 'எஃப் ஏ க்யூ ஐ ஆர்' பக்கீர், 'க்யூ ஓ ஆர் எம் ஏ' நம் குருமா. 'க்யூ ஏ என் ஏ டீ' ஈரான் பக்கம் மலையடியிலிருந்து நிலத்தடியில் வெட்டிக் கொண்டுவரும் நீர்வாய்க்கால்.
ஏழெழுத்து: 'க்யூ ஏ டபிள்யூ டபிள்யூ ஏ எல் ஐ', கவாலி. பிங்கோவுக்கான 50 சேர்த்து, கட்டங்களின் பெருக்கம் இல்லாமலே 72.

புர்காவை ஆங்கிலத்தில் எழுதும்போது யூ வந்துவிடும் என்பதால் அது இந்தப் பட்டியலில் இல்லை. வக்ஃப் சொல்லுக்கு மட்டுமே 19 மதிப்பெண். க்யூவோடு டபிள்யூவையும் எஃப்பையும் சேர்த்துக் கழித்துத் தரும் அருமையான சொல்.

க்யூவை விட்டுச் சற்று விலகினாலும், நம் மொழியிலிருந்தே ஆங்கிலத்துக்குப் போன ஏழெழுத்துச் சொற்கள் இரண்டைச் சொல்லாமல் விட மனமில்லை. சுருட்டு 'சி எச் இ ஆர் ஓ ஓ டீ' ஆனது, வெட்டிவேர் 'வி இ டீ ஐ வி இ ஆர்' ஆனது. இரண்டும் முழு ரேக்கையும் காலி செய்யும் பிங்கோ.

பயிற்சி

படிப்பது ஒரு வேலை, ஆட்டத்தில் கண்ணில் படுவது வேறு வேலை. சீட்டு செய்து பழகுங்கள். ஒரு பக்கம் எழுத்தும் நீளமும் மட்டும்: 'எக்ஸ், இரண்டு'. மறுபக்கம் விடைகள். நாளுக்குப் பத்துப் பதினைந்து சீட்டுக்கு மேல் புதிதாகச் சேர்க்காதீர்கள்; பழையவற்றைத் தவறாமல் திருப்புங்கள்.

தனியாகப் பலகையில் பழகுவதற்கு ஒரு நல்ல முறை: ஜே, க்யூ, எக்ஸ், இசட்டைப் பையிலிருந்து தனியே எடுத்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் இவற்றில் ஒன்றையும் பையிலிருந்து வேறு ஆறையும் எடுத்து ரேக்கில் வைத்து, இரண்டு நிமிடத்தில் அந்தக் கனமான எழுத்தை அதிக மதிப்பெண்ணுக்கு இறக்குங்கள். போட்டிகளில் ஒருவருக்கு முழு ஆட்டத்துக்கும் 25 நிமிடம்தான். இரண்டு நிமிடம் என்பது அந்த வேகத்துக்கு நெருக்கமானது.

கடைசிக் கட்டத்தில் க்யூ

டைல்களை மாற்றிக்கொள்ளும் உரிமை பையில் ஏழு டைலாவது இருக்கும்வரைதான். அதற்குக் கீழே இறங்கிவிட்டால் கையில் இருப்பதோடுதான் முடிக்க வேண்டும். பை இருபது டைலை நெருங்கும்போது கையில் க்யூ இருந்து, ஐயும் இல்லை, இறக்க இடமும் இல்லை என்றால், ஒரு முறையை விட்டுக்கொடுத்து மாற்றிவிடுங்கள். எதிராளி முதலில் முடித்துவிட்டால் உங்கள் கையில் மிஞ்சிய டைல்களின் மதிப்பு உங்களிடம் கழிந்து அவரிடம் கூடும். க்யூ ஒன்றுக்கே 20 மதிப்பெண் இடைவெளி.

பலகையில் எத்தனை ஐ இறங்கிவிட்டன என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒன்பதும் இரண்டு பிளாங்க்கும் வெளியே வந்துவிட்டால், உங்கள் க்யூவுக்கு மிச்சம் இருப்பது பலகையில் பக்கம் காலியாக நிற்கும் ஐ மட்டுமே. அந்த ஐக்கு மேலேயோ இடப்பக்கமோ உள்ள கட்டம் காலியாக இருந்தால் உங்களுக்கு வழி உண்டு. மாறாக, பை காலியான பிறகும் க்யூ பலகையிலும் இல்லை, உங்களிடமும் இல்லை என்றால், அது எதிராளியின் ரேக்கில்தான் இருக்கிறது. அப்போது உங்கள் அடுத்த சொல் எத்தனை மதிப்பெண் தருகிறது என்று பார்ப்பதற்கு முன், அது எந்த ஐயின் பக்கத்தை மூடுகிறது என்று பாருங்கள்.